காப்பீட்டு அட்டை வாங்கப் போகிறீர்களா?

தமிழக முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2009இல் கலைஞர் பெயரில் வந்தது. 2012இல் ஜெயலலிதா ஆட்சியில் பெயர் மாறியது. பெயருக்கு நடந்த சண்டையில் பாதியாவது வரிசையைக் குறைக்க நடந்திருக்கலாம். போகட்டும்.

வருமானச் சான்று (ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள்), குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். எங்கள் தெருவில் எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான்: ஒன்றில் ‘முருகேசன்’, இன்னொன்றில் ‘முருகேஷ்’ என்றிருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள், நோய் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

தனியார் மருத்துவமனையில் “காப்பீடு உண்டா?” என்று பொதுவாகக் கேட்டால் தலையாட்டிவிடுவார்கள். “இந்த அறுவைச் சிகிச்சைக்கு இங்கே உண்டா?” என்று கேளுங்கள். சிகிச்சைக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதி வந்ததா என்பதையும் விசாரியுங்கள். அனுமதி வந்த பிறகும் பணம் கேட்டால் ரசீது வாங்கிக்கொண்டு 1800 425 3993 எண்ணில் புகார் செய்யுங்கள்.