வரிசையாகத் தோற்கும் டீமைத் தூக்கி நிறுத்துவது எப்படி: ஃபுட்பால் மேனேஜர் ஆடுபவர்களுக்கு

ஃபுட்பால் மேனேஜர் என்ற கம்ப்யூட்டர் கேமில், ஒரு டீமின் மேனேஜராக ஆடும்போது, நாலு மேட்ச் தொடர்ந்து போனதும் நம்மாட்கள் முதலில் கை வைப்பது ஃபார்மேஷனில்தான், அதாவது ஆட்டக்காரர்களை நிறுத்தும் அமைப்பில். அதைக் கலைப்பதற்கு முன்னால் ஆட்டக்காரர் பட்டியல் இருக்கும் ஸ்குவாட் பக்கத்தைத் திறந்து மொரேலை, அதாவது அவர்களின் மனத்தெம்பைப் பாருங்க. பாதிப் பேருக்கு அது தரையில் கிடந்தால் எந்த ஃபார்மேஷனும் ஓடாது, கீப்பர் மட்டும் எதிரே நிற்கும்போதுகூட பந்து வெளியேதான் போகும்.

மொரேலை நிஜமாக ஏற்றுவது வெற்றி. பேச்சு அதற்குத் துணை, அவ்வளவுதான். அதனால் சீசனுக்கு முந்தைய நட்பு ஆட்டங்களுக்குப் பெரிய கிளப்பைக் கூப்பிட்டு கெத்துக் காட்ட வேண்டாம். கல்லாவுக்காக ஒன்று வைத்துக்கொள்ளுங்க, மற்றதெல்லாம் கீழ் டிவிஷன் டீம்கள், நாலு கோல் அடித்துப் பழகட்டும்.

அடுத்து டீம் டாக், அதாவது மேட்சின்போது டிரெஸ்ஸிங் ரூமில் டீமிடம் பேசுவது. இங்கேதான் பலர் சொதப்புகிறார்கள். 2019 மார்ச்சில் கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி கிளப் ஐ-லீக் என்ற இந்தியக் கால்பந்து லீக்கின் கோப்பையை வென்ற மேட்சை நினைத்துப் பாருங்க. எதிரணி மினர்வா பஞ்சாப் ஆரம்பத்திலேயே ஒரு கோல் போட்டுவிட்டது, ஜெயித்தால்தான் கோப்பை உறுதி, இடைவேளைக்கு 0-1, கடைசியில் 3-1. அதே நிலைமை கேமில் வந்தால் ஸ்கோரை மட்டும் பார்த்துக் கத்தாதீங்க. ஷாட் நம் பக்கம் அதிகமா, ஆட்டம் நன்றாகத்தான் போகிறதா? அப்படியென்றால் நம்பிக்கை இருக்கிறது என்று சொல்லி அனுப்புங்க. சொத்தை டீமிடம் சோம்பலாக ஆடிப் பின்தங்கினால் அப்போது கோபம் செல்லும். யார் பதற்றமாக இருக்கிறான் என்று அவனவன் பேருக்குப் பக்கத்திலேயே தெரியும், அவனைத் தனியாகத் தட்டிக்கொடுங்க. பதற்றத்தில் இருக்கும் சின்னப் பையனைத் திட்டினால் இரண்டாம் பாதியில் பந்து வந்தாலே ஒதுங்குவான்.

எதிரணி தொடர்ந்து அழுத்தும்போது ஓரத்தில் நின்று சும்மா சத்தம் போட்டுக்கொண்டே இருப்பதில் பயனில்லை. டெம்போவை, அதாவது நம் ஆட்ட வேகத்தைக் குறையுங்க, நேரத்தைக் கடத்தச் சொல்லுங்க, ஒரு சப்ஸ்டிட்யூட் இறக்குங்க, எதிரணியின் வேகம் தானாகத் தணியும்.

பயிற்சி ரேட்டிங் நல்லா இருப்பவனை அப்பப்போ பாராட்டலாம், செலவில்லாத வேலை.

டிரெஸ்ஸிங் ரூமில் டீம் லீடர் என்று காட்டும் ஆட்களிடம் மட்டும் உஷார். அவர்களில் ஒருத்தனைப் பகைத்தால், சோமனூர்ப் பக்கம் தறியில் அறுந்த பாவு இழையைக் கவனிக்காமல் ஓட்டினால் துணி நீளத்துக்கும் கோடு விழுகிற மாதிரி, டீம் முழுக்கப் பரவும். பெரும்பாலும் இது நாம் காப்பாற்றாத வாக்கில்தான் ஆரம்பிக்கும். ஆட வாய்ப்புக் கேட்டு வந்தால், அந்த நேரத்துச் சங்கடத்துக்காகச் சரி என்று தலையாட்டாதீங்க. முடியாது என்றால் அப்போதே சொல்லுங்க, முறைப்பான். சில சமயம் விற்கச் சொல்லியும் கேட்பான். நல்ல விலை வந்தால் விற்றுவிடுங்க, ஆனால் அவனுக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று, டீமுக்குள் யாருக்குச் செல்வாக்கு என்று காட்டும் டைனமிக்ஸ் பக்கத்தில் பார்த்துவிட்டு.