குடும்பத்தோடு ஸ்பானிஷ் படிக்க ஆன்டிகுவா போகிறீர்களா?

முதலில் ஊரைச் சரியாகப் பிடியுங்கள். விவியன் ரிச்சர்ட்ஸ் பிறந்த ஆன்டிகுவா கரீபியன் தீவு. நான் சொல்வது மத்திய அமெரிக்காவில், குவாத்தமாலா நாட்டில், எரிமலைகளின் அடிவாரத்தில் இருக்கும் ஆன்டிகுவா. ஒரு நள்ளிரவில் என் கணவர் அந்தத் தீவுக்கே நான்கு டிக்கெட் போடப் பார்த்தார். நீங்கள் இறங்க வேண்டியது குவாத்தமாலா சிட்டியில். அங்கிருந்து சாலை வழியாக ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம். அமெரிக்கா வழியாகப் பறந்தால், விமானம் மாறுவதற்கு மட்டும்கூட நம் பாஸ்போர்ட்டுக்கு அந்த நாட்டு விசா வேண்டும். குவாத்தமாலா விசா விதிகளைத் தூதரகத்திடமே கேளுங்கள், முகவர் சொல்வதை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள்.

ஏன் அந்த ஊர்? அங்கே ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர். தோட்டத்தில் ஒரு சிறு மேசை, இரண்டு நாற்காலி, நான்கு மணி நேரம் பேச்சு. தங்குவதும் உள்ளூர்க் குடும்பத்தோடுதான். பெரும்பாலும் ஞாயிறு தவிர மற்ற நாள்களில் மூன்று வேளைச் சாப்பாடும் அவர்களே தருவார்கள். எங்கள் பிள்ளைகளின் கோடை விடுமுறையில், மே மாதத்தை ஒட்டி ஐந்து வாரம் கணக்கிட்டுப் போனோம். மே மாதத்தில் அங்கே மழைக்காலம் தொடங்கிவிடும்; பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் கொட்டும். எனவே காலை வகுப்பையே கேளுங்கள்.

வீட்டைத் தேர்ந்தெடுப்பதில் நாங்கள் ஏமாந்தோம். முதல் வாரம் போன வீட்டில் எங்களைத் தவிர இன்னும் ஐந்து மாணவர்கள். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் ஆங்கிலம், நாங்கள் தமிழ், பாவம் அந்த அம்மா ஸ்பானிஷில் சுவரோடு பேசிக்கொண்டிருந்தார். பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒரே நேரத்தில் எத்தனை மாணவர்கள் தங்குவார்கள்? வீட்டில் குழந்தைகள் உண்டா? இரண்டாவது வீட்டில் பத்து வயதுப் பேரன் ஒருவன் இருந்தான். என் ஒன்பது வயது மகன் வகுப்பில் கற்றதைவிடக் கால்பந்தாட்டத்தில் அவனிடம் கற்றதுதான் அதிகம். ஒன்பது வயதுக்கு நான்கு மணி நேர வகுப்பு கொடுமை. இரண்டு மணி நேரமாகக் குறைத்து, அதில் பாதியைச் சந்தையில் நடத்தச் சொன்னோம். ஆசிரியை அவனுக்கு வெண்ணெய்ப்பழம் எண்ணவும் பேரம் பேசவும் கற்றுக் கொடுத்தார். ஆன்டிகுவாக்காரர்களுக்குப் ‘பச்சை வயிறு’ என்று பட்டப்பெயர். வெண்ணெய்ப்பழம் தின்று தின்று வந்த பெயராம்.

இனி முக்கியமான விஷயம். ஸ்பானிஷை ஆங்கிலத்தின் வழியாகப் படிக்காதீர்கள், தமிழின் வழியாகப் படியுங்கள். மூன்றாம் நாள் ‘மெ குஸ்தா எல் மாங்கோ’ என்ற வாக்கியத்தில் என் மகள் முட்டிக்கொண்டு நின்றாள். ‘நான்’ எங்கே போயிற்று என்பது அவள் கேள்வி. “எனக்கு மாம்பழம் பிடிக்கும், இதில் நான் எங்கே இருக்கிறேன்?” என்று கேட்டேன். அவ்வளவுதான், பூட்டு திறந்தது. தலைவலியும் அப்படித்தான்: ‘மெ துவேலே லா கபேசா’, எனக்குத் தலை வலிக்கிறது. வினைமுற்றே ஆளைக் காட்டிவிடுவதும் நமக்குப் பழகியதுதான். ‘ஆப்லோ’ என்றால் பேசுகிறேன், ‘ஆப்லாமோஸ்’ என்றால் பேசுகிறோம். ‘நான்’, ‘நாம்’ தனியே வேண்டியதில்லை.

உச்சரிப்பிலும் நமக்கு அனுகூலம். ‘தொமாத்தே’யை ‘டொமாட்டே’ ஆக்காதீர்கள். ‘நாதா’ என்றால் ஒன்றுமில்லை. அதில் வருவது ‘கதை’யில் வரும் மென்மையான த. (ஆசிரியை ஒவ்வொரு முறை ‘நாதா’ என்னும்போதும், புராண நாடகத்தில் மனைவி கணவனை அழைப்பதாக என் மகளுக்குச் சிரிப்பு.) நான் நாகர்கோவில்காரி, மரத்துக்கும் மறத்துக்கும் நாவில் வேறுபாடு காட்டுபவள். ‘பேரோ’ என்றால் ஆனால், ‘பேறோ’ என்றால் நாய். முதல் வகுப்பிலேயே எனக்கு வந்துவிட்டது. சென்னையில் வளர்ந்த என் பிள்ளைகளுக்குத்தான் இரண்டு வாரம் பிடித்தது.

தமிழ் கைகொடுக்காத இடம் பொருள்களின் பால். மேசை பெண், வரைபடம் ஆண், கை பெண். காரணம் தேடாமல், ‘லா மேசா’, ‘எல் மாப்பா’, ‘லா மானோ’ என்று முன்னொட்டோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். நீ, நீங்கள் வேறுபாடும் உண்டு. பாடநூல்கள் பெரும்பாலும் ‘தூ’ என்று கற்பிக்கும். குவாத்தமாலாவில் நண்பர்களுக்குள் ‘வோஸ்’. மரியாதைக்கு ‘உஸ்தெத்’. எங்கள் வீட்டம்மா என் பொடியனையும் ‘உஸ்தெத்’ என்றே அழைத்தார். அவன் பதிலுக்கு அவரை ஆச்சி என்றான்.

சைவர்களுக்கு: ‘இறைச்சி சாப்பிட மாட்டேன்’ என்று மட்டும் சொன்னால் கோழி வரும். ‘நோ கோமோ கார்னே, நி பொய்யோ, நி பெஸ்காதோ’ என்று கோழியையும் மீனையும் சேர்த்துச் சொல்லுங்கள். மசித்த கறுப்பு பீன்ஸில் ‘மந்தேகா’ உண்டா என்றும் கேளுங்கள்; அது பன்றிக் கொழுப்பு. சோளத் தொர்த்தியா ரொட்டியும் வறுத்த வாழைப்பழமும் தாராளமாகக் கிடைக்கும். ஒரு நாள் தட்டில் ‘குயிஸ்கில்’ என்று ஒரு காய் வந்தது. பார்த்தால் நம் சௌசௌ! அந்தக் காய்க்குப் பிறந்தகமே அந்தப் பக்கம்தானாம். ஆச்சிக்குக் கூட்டு வைத்துக் காட்டினேன். தேங்காய் அரைக்க மிக்ஸியும் அவரே தந்தார். குழாய்த் தண்ணீர் மட்டும் வேண்டாம்.

ஊருக்குள் வழி தவறாது. ‘அவெனிதா’ என்ற தெருக்கள் வடக்கு தெற்காக, ‘காய்யே’ என்ற தெருக்கள் கிழக்கு மேற்காக ஓடும். ஆகுவா எரிமலை எப்போதும் தெற்கே நிற்கும். மேகம் மூடாத வரை பிள்ளைகளுக்கு அதுதான் திசைகாட்டி. தெருவெல்லாம் உருண்டைக் கல் பாவியது என்பதால் சக்கரப் பெட்டி உடையும். முதுகுப் பை கொண்டு போங்கள்.

1773 நிலநடுக்கத்துக்குப் பிறகுதான் தலைநகர் இங்கிருந்து இடம் மாறியது. இடிந்த தேவாலயங்கள் ஊரெங்கும் நிற்கின்றன. இறந்தகால வினை வந்ததும் என் ஆசிரியை என்னை அப்படி ஓர் இடிபாட்டுக்குள் கூட்டிப்போய், ‘இங்கே முன்பு என்ன இருந்தது? யார் நடந்தார்கள்?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உங்கள் ஆசிரியரும் மேசையிலேயே உட்கார்ந்திருந்தால், வெளியே போகலாமா என்று நீங்களே கேளுங்கள்.

சனிக்கிழமை பக்கத்து நெசவு ஊரான சான் அந்தோனியோ ஆகுவாஸ் காலியெந்தெஸ் போங்கள். பழைய அமெரிக்கப் பள்ளிப் பஸ்களுக்கு வண்ணம் பூசி ஓட்டுகிறார்கள்; வாசலில் தொங்கியபடி உதவியாளர் ஊர்ப்பெயரைக் கூவுவார். இடுப்பில் தறியைக் கட்டி நெய்யும் பெண்களின் தாய்மொழி கக்சிக்கேல் என்ற மாயா மொழி. பலர் நம்மைப் போலவே ஸ்பானிஷைப் பின்னால் கற்றவர்கள், நிதானமாகப் பேசினார்கள். ஐந்து வாரத்தில் நான் தயங்காமல் பேசிய முதல் உரையாடல், ஒரு மேசை விரிப்பின் சிவப்பு நூலைப் பற்றி அங்கேதான் நடந்தது. விரிப்பையும் வாங்கிவிட்டேன், பேரம் பேச மறந்து.