பழைய எச்எம்டி ஜனதா வாங்கும் முன்

ஜனதா என்பது அரசு நிறுவனமான எச்எம்டியின் சாவி கொடுக்கும் கைக்கடிகாரம். வாங்கும் முன் முதலில் டயலை, அதாவது எண்கள் அச்சிட்ட முகப்பைப் பாருங்கள். சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1961இல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது எச்எம்டி. 2016இல் அந்தப் பிரிவை மூட அரசு முடிவெடுத்தபின் பழைய எச்எம்டிகளுக்கான தேடல் கூடியது. கூடவே மறுபூச்சு டயல்களும், அதாவது புதிதாகத் தெரிய மறுபடி வண்ணம் பூசி அச்சிட்டவையும், பெருகின.

நான் முதலில் வாங்கிய ஜனதா பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து லென்ஸில் பார்த்தால் எழுத்துகள் தடித்து, ஓரம் கசிந்திருந்தன. 4க்கு நேரே இருக்க வேண்டிய நிமிடக் கோடு சற்றுத் தள்ளி நின்றது. அசல் அச்சு மெல்லியது, ஓரம் கத்தி போலத் தெளிவு. அதனால் லென்ஸ் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள். கண்ணைக் கூசும் நிறத்தில் டயல் இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

அப்புறம் பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். எச்எம்டி முத்திரை, 17 கற்கள் (உள்ளே உராய்வைக் குறைக்கப் பதித்தவை) என்ற குறிப்பு, துருவில்லாத திருகுகள் எல்லாம் இருக்க வேண்டும். சாவி கொடுக்கும்போது பல் வழுக்கக் கூடாது. வார் பிடிக்கும் கொம்புகளின் முனை மழுங்கியிருந்தால் அளவுக்கு மீறி பாலிஷ் போட்டிருக்கிறார்கள்.

விலையைப் பொறுத்தவரை, லேசாக மஞ்சளேறிய அசல் டயலுக்குத்தான் நான் கூடுதலாகக் கொடுப்பேன். அப்பாவின் ஜனதாவில் 7க்குப் பக்கத்தில் ஒரு கறை இருக்கிறது. அதைத் துடைக்க யாரையும் விட்டதில்லை.