கிரீஸின் தொல்லிடங்களைப் பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றில் எரெக்தியோன் என்றொரு கோயில் இருக்கிறது. அதன் தெற்குப் பக்கத்து மண்டபத்தில் ஆறு பெண் சிலைகள் கூரையைத் தலையில் தாங்கி நிற்கும். குன்றேறி வரும் எல்லோரும் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அந்த ஆறுமே நகல்கள் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. அசல் சிலைகளில் ஐந்து, குன்றின் அடிவாரத்தில் உள்ள அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆறாவது லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் அவளுக்கான இடத்தைக் காலியாகவே விட்டு வைத்திருக்கிறார்கள்.

கிரீஸ் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு இங்கேதான் தொடங்குகிறது. இடத்தைப் பார்ப்பார்கள், அருங்காட்சியகத்தை விட்டுவிடுவார்கள். "இடிபாடு பார்த்தாச்சு, அப்புறம் எதற்குக் கண்ணாடிப் பெட்டிகள்?" என்று கேட்பார்கள். ஆனால் கிரீஸில் இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு முழுப்பொருள். கட்டடம் குன்றில் நிற்கிறது. அதன் முகமும் உடலும் உள்ளே இருக்கின்றன. அந்த ஐந்து பெண்களையும் அருங்காட்சியகத்தில் சுற்றி வந்து பார்க்கலாம். முதுகில் தடித்த பின்னல் தொங்குவது அப்போதுதான் கண்ணில் படும். அது அழகுக்காக மட்டும் செய்ததல்ல. கூரையின் பாரம் இறங்குகிற மெல்லிய கழுத்துக்கு அந்தப் பின்னல்தான் பலம் கொடுக்கிறது. குன்றில் நின்று முன்பக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது கிடைக்காது.

2009-இல் திறந்த அந்த அருங்காட்சியகத்தின் மேல்தளத்தை, குன்றின் உச்சியில் நிற்கும் பார்த்தினான் கோயிலின் அளவிலேயே, அதே திசை நோக்கி அமைத்திருக்கிறார்கள். கோயிலைச் சுற்றி ஓடிய 160 மீட்டர் நீளச் சிற்பப் பட்டையை அங்கே வரிசை மாறாமல் பார்த்துக்கொண்டே நடக்கலாம். தேன் நிறத்தில் இருப்பவை அசல். வெள்ளையாக இருக்கும் பிளாஸ்டர் நகல்களில் பெரும்பாலானவற்றின் அசல் லண்டனில் இருக்கிறது. கண்ணாடிச் சுவர் வழியே நிமிர்ந்தால் பார்த்தினானே தெரியும். காலையில் மேலே நின்றபோது வெறும் தூண்களாகத் தெரிந்த ஒன்று இங்கே கோயிலாக மாறுவதை நீங்களே உணர்வீர்கள். குன்றுக்கும் அருங்காட்சியகத்துக்கும் நுழைவுச் சீட்டு தனித்தனி. செலவைப் பார்த்து இரண்டில் ஒன்றை விட்டுவிடாதீர்கள்.

மற்ற இடங்களிலும் இதே கதைதான். பழங்காலக் கோட்டை நகரமான மைசீனியின் கல்லறைகளிலிருந்து வந்த தங்கம் ஏதென்ஸின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழங்காலத்தில் குறி கேட்கும் கோயில் இருந்த டெல்ஃபியில் மலைச்சரிவை ஏறி இறங்கிய களைப்பில் பக்கத்திலேயே இருக்கும் அருங்காட்சியகத்தைத் தவறவிட்டால், வெண்கலத் தேரோட்டியைப் பார்க்காமல் திரும்புவீர்கள். கிட்டத்தட்ட 2,500 ஆண்டுகள் கழித்தும் அவன் கண்ணிமை மயிர்கள்கூட அப்படியே இருக்கின்றன.

இரண்டாவது தவறு, கண்ணில் படுவதெல்லாம் ஒரே காலத்தது என்று எடுத்துக்கொள்வது. பார்த்தினான் கி.மு. 447-இல் தொடங்கிக் கட்டப்பட்டது. பிறகு அது தேவாலயமாக இருந்தது, மசூதியாக இருந்தது, கடைசியில் வெடிமருந்துக் கிடங்காகவும் ஆனது. 1687-இல் வெனிஸ் படையின் குண்டு விழுந்து அந்த மருந்து வெடித்ததில்தான் நடுப்பகுதி சிதறியது. ஆக, நாம் பார்க்கும் பெரும் சேதத்தின் வயது 350 ஆண்டுகூட இல்லை.

கிரீட் தீவின் க்னோசோஸ் அரண்மனையில் இந்தக் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். அங்கே நிற்கும் சிவப்புத் தூண்கள் பலவும் 1900-இல் அகழாய்வைத் தொடங்கிய ஆர்தர் எவான்ஸ் பின்னர் கட்டி எழுப்பியவை, அதுவும் கான்கிரீட்டில். சுவரோவியங்கள் நகல்கள், அசல் துண்டுகள் ஹெராக்ளியோன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கே "லில்லி இளவரசன்" என்ற ஓவியத்தின் அருகே சற்று நேரம் நில்லுங்கள். பழைய சாந்துத் துண்டுகள் எவை, இடைவெளியை நிரப்ப வரைந்தவை எவை என்று கண்ணாலேயே பிரித்தறியலாம். கிடைத்தவை தலையணி, மார்பு, காலின் பகுதிகள் மட்டுமே. அவை ஒரே ஆளுடையவைதானா என்பதிலேயே ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் இருக்கிறது. எவான்ஸ் செய்தது தவறு என்று சொல்லி க்னோசோஸைத் தவிர்ப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த மறுகட்டுமானம் இல்லாவிட்டால் அரண்மனைக்கு மாடிகள் இருந்தன என்பதே நமக்குப் புரிந்திருக்காது. எது பழையது, எது எவான்ஸுடையது என்று தெரிந்துகொண்டு பார்த்தால் போதும்.

பெயர்ப்பலகையை அப்படியே நம்புவதும் இந்த வகைதான். "அகமெம்னானின் முகமூடி" என்று புகழ்பெற்ற தங்க முகமூடியை 1876-இல் மைசீனியில் கண்டெடுத்தவர் ஹைன்ரிக் ஷ்லீமான். அகமெம்னான், ட்ராய் போரில் கிரேக்கப் படையை நடத்தியதாகக் கதைகள் சொல்லும் மன்னன். ஆனால் அந்தப் போர் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்குச் சுமார் மூன்று நூற்றாண்டு முந்தையது அது. முகமூடி அசல்தான். பெயர்தான் பொருந்தவில்லை.

கிரேக்கச் சிலை என்றாலே வெள்ளைப் பளிங்கு என்று மனத்தில் பதிந்துவிட்டது. அவை வண்ணம் பூசப்பட்டவை. கி.மு. 480-இல் பாரசீகர்கள் அக்ரோபோலிஸை எரித்தார்கள். ஊர் திரும்பிய ஏதென்ஸ் மக்கள், உடைந்த சிலைகளைக் குன்றிலேயே புதைத்தார்கள். மண்ணுக்குள் கிடந்ததால் அவற்றில் சிவப்பும் நீலமும் பச்சையும் இன்றும் திட்டுத்திட்டாகத் தெரிகின்றன. அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் அப்படிப் புதைந்து கிடந்த இளம்பெண் சிலைகளின் ஆடை விளிம்பைக் கூர்ந்து பாருங்கள்.

பானை ஓடுகளைத் தாண்டிப் போய்விடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. தங்கம் ஈர்க்கும், சிலை ஈர்க்கும், பானை ஓட்டின் முன் யார் நிற்பார்கள்? ஏதென்ஸின் பழைய சந்தையான அகோராவின் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஒருவரைப் பத்தாண்டு நாடு கடத்த வேண்டுமா என்று மக்கள் வாக்களித்தபோது, வாக்குச் சீட்டு உடைந்த பானை ஓடுதான். பெயரை அதில் கீறிப் போடுவார்கள். பாரசீகக் கப்பற்படையை வென்ற தெமிஸ்டோக்ளிசின் பெயர் கீறிய ஓடுகள் 190, ஒரே கிணற்றில் கிடைத்தன. எழுத்தைச் சோதித்தால், எல்லாவற்றையும் எழுதியவை 14 கைகள்தான். யாரோ முன்கூட்டியே எழுதி, வாக்காளர்களுக்குக் கொடுக்கத் தயாராக வைத்திருந்தார்கள் போலும். கிரேக்க அரசியலை இவ்வளவு அருகில் காட்டும் பொருள் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. மதுச்சாடிகளையும் விட்டுவிடாதீர்கள். மத்திய தரைக்கடல் நாடுகளிலிருந்து கப்பலேறி வந்த அத்தகைய சாடிகளின் துண்டுகள் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டிலும் கிடைத்திருக்கின்றன. நம் பழம்பாடல்களில் வரும் யவனர் என்பதும் கிரேக்கர்களிடமிருந்து வந்த பெயர்தான்.

சரி, நடைமுறைக்கு வருவோம். ஜூலை, ஆகஸ்டில் நடுப்பகலில் அக்ரோபோலிஸ் ஏறாதீர்கள். மேலே நிழலே கிடையாது, வெப்ப அலை வந்தால் மதிய நேரத்தில் மூடியும் விடுவார்கள். காலை 8 மணிக்கே உள்ளே போய்விட்டு, வெயில் ஏறியதும் அருங்காட்சியகத்துக்கு இறங்குவதே சரியான வரிசை. 2023 முதல் நாளொன்றுக்கு 20,000 பேர்தான், அதுவும் நேரம் குறித்த சீட்டுடன். அரசின் அதிகாரபூர்வத் தளத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பல இடங்களுக்குச் சேர்த்து ஒரே சீட்டு என்ற பழைய ஆலோசனையை நம்ப வேண்டாம், அது 2025-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. பளிங்குத் தரை கால்பட்டுக் கால்பட்டு வழுக்கும். அதனால் பிடிப்புள்ள காலணி போடுங்கள்.

ஒரே நாளில் டெல்ஃபியும், பழைய ஒலிம்பிக் போட்டிகள் நடந்த ஒலிம்பியாவும் என்று திட்டம் போடாதீர்கள். ஏதென்ஸிலிருந்து டெல்ஃபிக்கே ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். மைசீனியும், பழைய திறந்தவெளி நாடக அரங்கு உள்ள எபிடவ்ரோஸும் அருகருகே இருப்பதால் அவற்றை ஒரே நாளில் சேர்க்கலாம்.

கீழே கிடக்கும் ஓட்டுத் துண்டையோ கல்லையோ நினைவுக்காகப் பையில் போடாதீர்கள். கிரேக்கச் சட்டப்படி அது குற்றம். அருங்காட்சியகத்தில் ஃப்ளாஷ் வேண்டாம். சிலையைப் போலவே நின்று படம் எடுத்தால் காவலர் வந்து நிறுத்துவார். அவர்களுக்கு அது மரியாதைக் குறைவு.

இடிபாடுகள் நிறைந்த டெலோஸ் தீவைப் பயணத்தின் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். பெரும்பாலும் பக்கத்துத் தீவான மிக்கோனோஸிலிருந்து படகில்தான் போக வேண்டும், இரவு தங்க முடியாது. கோடையில் வடகாற்று பலமாக வீசினால் படகே கிளம்பாது. கையில் இன்னொரு நாள் இருந்தால் மறுநாள் போய்க்கொள்ளலாம்.