உடம்புக் கொழுப்பு குறையணும்னா சாப்பாட்டுக்கு ஒரு வேலை, உடற்பயிற்சிக்கு ஒரு வேலை

வெயிட் குறைக்கணும்னு இறங்கறவங்க பெரும்பாலும் ரெண்டு கட்சியா இருப்பாங்க. ஒரு கட்சி, காலங்காத்தால எழுந்து ஓட ஆரம்பிச்சுடும், சாப்பாட்டுல கை வைக்காது. இன்னொரு கட்சி சாப்பாட்டைப் பாதியா வெட்டிட்டு உடம்பை அசைக்காம உக்காந்திருக்கும். முதல் கட்சிக்கு மாசக் கணக்கா ஓடியும் எடை பெருசா இறங்காது, ரெண்டாவது கட்சிக்கு எடை இறங்கும் ஆனா கை கால் மெலிஞ்சு, முகம் வாடி, தொப்பை மட்டும் பாதிக்கு மேல அப்படியே நிக்கும். ரெண்டு பேரும் வெறுத்துப்போய் விட்டுடறாங்க, அதைப் பாக்கத்தான் வருத்தமா இருக்கு. அதனால நான் நம்பறதை முதல்லயே சொல்லிடறேன், எடை எவ்வளவு இறங்கும்னு பெரும்பாலும் முடிவு பண்றது சாப்பாடு. இறங்கறது கொழுப்பா தசையான்னு முடிவு பண்றதும், இறங்கினது திரும்ப ஏறாம பிடிச்சு வைக்கறதும் உடற்பயிற்சி. ஒண்ணோட வேலையை இன்னொண்ணு தலையில கட்டினா நடக்காது.

கொழுப்பு உடம்புல எப்படி இருக்கு, எப்படி வெளிய போகுதுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கறது நல்லது, ஏன்னா இதுல தான் ஏமாத்து வேலை நிறைய நடக்குது. சாப்பிட்டதுல மிச்சமாகற சக்தி ட்ரைகிளிசரைடுங்கற கொழுப்பா மாறி கொழுப்பு செல்லுக்குள்ள போய் உக்காருது. உடம்புக்கு வர்றதை விட செலவு அதிகமாகும்போது அந்த ட்ரைகிளிசரைடு கொழுப்பு அமிலமாவும் கிளிசராலாவும் உடைஞ்சு ரத்தத்துல கலந்து, தசை மாதிரி இடங்கள்ல போய் எரியுது. எரிஞ்சு என்ன ஆகுதுன்னா கார்பன் டை ஆக்சைடும் தண்ணியும். 2014ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன்னு ரெண்டு பேர் கணக்கு போட்டுக் காமிச்சாங்க, 10 கிலோ கொழுப்பு முழுசா எரிஞ்சா 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடா மூச்சு வழியா போகுது, மீதி 1.6 கிலோ தண்ணியா போகுது. வேர்வையில கொழுப்பு உருகி ஊத்தறது கிடையாது. இடுப்புல பிளாஸ்டிக் பெல்ட் கட்டிக்கிட்டு வேர்த்தா இறங்கறது தண்ணி, ரெண்டு டம்ளர் குடிச்சா திரும்ப வந்துடும். அதே மாதிரி வயித்துக்கான பயிற்சி பண்ணா வயித்துக் கொழுப்பு தனியா கரையும்ங்கறதும் நம்பிப் பண்ற வேலை இல்ல. கொழுப்பு எந்த இடத்துல முதல்ல குறையும்ங்கறது உங்க மரபணு, ஹார்மோன், ஆணா பெண்ணாங்கறதைப் பொறுத்தது, நம்ம விருப்பத்தைக் கேட்டு நடக்காது. நிறைய பேருக்கு முகத்துலயும் கையிலயும் முதல்ல தெரியும், வயிறு கடைசியில தான் விடும்.

சாப்பாட்டுல எவ்வளவு குறைக்கணும்

ஒரு கிலோ உடம்புக் கொழுப்புல ஏறக்குறைய 7700 கலோரி இருக்கு. இதை வச்சு தான் எல்லாக் கணக்கும். உங்க உடம்பு சும்மா படுத்திருந்தாலே ஒரு நாளைக்கு எவ்வளவு செலவு பண்ணும்னு பாக்க மிஃப்லின் செயின்ட் ஜியோர் ஃபார்முலா இருக்கு, 1990ல வந்தது, இன்னிக்கும் டயட்டீஷியன்ங்க யூஸ் பண்றாங்க. எடையை கிலோவுல எடுத்து 10 ஆல பெருக்குங்க, உயரத்தை சென்டிமீட்டர்ல எடுத்து 6.25 ஆல பெருக்கி அதோட கூட்டுங்க, வயசை 5 ஆல பெருக்கி அதைக் கழிங்க, கடைசியில ஆணா இருந்தா 5 கூட்டுங்க, பெண்ணா இருந்தா 161 கழிங்க. 68 கிலோ, 158 சென்டிமீட்டர், 35 வயசு பெண்ணுக்கு இது 1330 சுமாருக்கு வரும். நாள் முழுக்க உக்காந்து வேலை, கூட கொஞ்சம் நடைன்னா அதை 1.4 ஆல பெருக்கிக்கலாம், 1860 கிட்ட வருது. இவ்வளவு சாப்பிட்டா எடை அப்படியே நிக்கும். இதுல 400 குறைச்சு 1450 சுமாருக்கு சாப்பிட்டா வாரத்துக்கு 2800 கலோரி துண்டு விழும், அதாவது மூணு வாரத்துல ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல. மெதுவா தான் இருக்கும், ஆனா இந்த வேகத்துல போனா தான் தசை தங்கும், பசி தாங்க முடியும். வாரத்துக்கு உடம்பு எடையில அரை சதவீதத்துலேர்ந்து ஒரு சதவீதம் வரைக்கும் இறங்கினா போதும், அதுக்கு மேல வேகமா இறக்கறவங்களுக்கு பித்தப்பைக் கல் வர்ற வாய்ப்பும் கூடுது.

ஃபார்முலா சொல்றது ஒரு ஆரம்பப் புள்ளி மட்டும் தான், ஆளுக்கு ஆள் கூடக் குறைய வரும். ரெண்டு மூணு வாரம் அதே அளவுல சாப்பிட்டுப் பாருங்க, எடை எதிர்பார்த்த மாதிரி இறங்கலைன்னா 100, 150 கலோரி குறைங்க, ரொம்ப வேகமா இறங்கினா கூட்டுங்க.

இங்க ஒரு விஷயத்துல நேர்மையா இருக்கணும். நாம எவ்வளவு சாப்பிடறோம்ங்கறதை நாமளே குறைச்சு தான் நினைச்சுக்கறோம், இது யாரோட குணக்கேடும் இல்ல, மனுஷ மனசு அப்படி. 1992ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்த ஆய்வுல, எவ்வளவு டயட் பண்ணியும் எடை குறையலைன்னு சொன்னவங்களை அளந்து பாத்தா சாப்பிட்டதை சராசரியா 47 சதவீதம் குறைச்சும், பண்ண உடற்பயிற்சியை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தாங்க. அவங்க மெட்டபாலிசத்துல எந்தக் கோளாறும் தெரியல. அதனால முதல் ரெண்டு வாரமாவது ஒரு கிச்சன் ஸ்கேல் வச்சு அளந்து எழுதுங்க, முக்கியமா எண்ணெய். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய்ல 120 கலோரி இருக்கு, கை போன போக்குல ஊத்தினா மூணு ஸ்பூன் எங்க போச்சுன்னே தெரியாது. குழம்பை ருசி பாக்கறது, குழந்தை மிச்சம் வச்சதை முடிக்கறது, சர்க்கரை போட்ட டீ, ஜூஸ், எல்லாத்தையும் எழுதுங்க. ஆயுசு முழுக்க எழுதத் தேவையில்ல, கண்ணுக்கு அளவு பழகற வரைக்கும் போதும்.

என்ன சாப்பிடலாம்

லோ கார்ப் (மாவுச்சத்தைக் குறைக்கறது) நல்லதா லோ ஃபேட் (கொழுப்பைக் குறைக்கறது) நல்லதான்னு சண்டை போடறதுல நேரம் வீணாக்காதீங்க. அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல 609 பேரை ரெண்டா பிரிச்சு ஒரு வருஷம் பாத்தாங்க, 2018ல ரிசல்ட் வந்துச்சு, லோ ஃபேட் ஆளுங்க சராசரியா 5.3 கிலோ, லோ கார்ப் ஆளுங்க 6 கிலோ, பெரிய வித்தியாசம்னு சொல்ல முடியாத அளவு தான். உங்களால நீண்ட நாள் விடாம சாப்பிட முடியற முறை எதுவோ அதை எடுத்துக்கங்க. ஆனா ரெண்டு விஷயத்துல நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.

முதல்ல புரோட்டீன். கலோரியைக் குறைக்கும்போது உடம்பு கொழுப்பை மட்டும் தொடாது, தசையையும் உடைச்சு எடுத்துக்கும். அதைத் தடுக்க எடை ஒரு கிலோவுக்கு 1.2லேர்ந்து 1.6 கிராம் வரைக்கும் புரோட்டீன் வேணும், நல்லா வெயிட் தூக்கறவங்க இன்னும் கொஞ்சம் மேல போகலாம். 68 கிலோ ஆளுக்கு 80லேர்ந்து 110 கிராம். ஒரு முட்டையில 6 கிராம், வேக வச்ச கோழி நெஞ்சுக்கறி 100 கிராம்ல 30 கிராம் கிட்ட, வேக வச்ச பருப்பு 100 கிராம்ல 9 கிராம் சுமாருக்கு இருக்கு, அதனால பருப்பை மட்டும் நம்பறவங்க கொஞ்சம் யோசிச்சு பிளான் பண்ணணும், பால், தயிர், சோயா எல்லாம் சேத்தா தான் எட்டும். புரோட்டீன்ல இன்னொரு லாபம், அதை செரிக்கறதுக்கே உடம்பு அதோட கலோரியில 20லேர்ந்து 30 சதவீதம் செலவு பண்ணுது, கார்போஹைட்ரேட்டுக்கு 5லேர்ந்து 10 தான், கொழுப்புக்கு அதை விடக் கம்மி. பசியும் நல்லா அடங்கும். மூணு வேளைக்கும் பிரிச்சு சாப்பிடுங்க, ராத்திரி ஒரே வேளையில மொத்தமா தள்ளாதீங்க.

ரெண்டாவது, பாக்கெட் சாப்பாட்டைக் குறைக்கறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துல கெவின் ஹால் குழு 20 பேரை ஆய்வுக்கூடத்துலயே தங்க வச்சு ரெண்டு வாரம் ரொம்பப் பதப்படுத்தின சாப்பாடும், ரெண்டு வாரம் சாதாரணமா சமைச்ச சாப்பாடும் குடுத்தாங்க, ரெண்டுலயும் முன்னாடி வச்ச சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, வேணும்கற வரைக்கும் சாப்பிடலாம். பதப்படுத்தின வாரங்கள்ல ஒரு நாளைக்கு 500 கலோரி கூட சாப்பிட்டாங்க, ரெண்டே வாரத்துல 0.9 கிலோ ஏறிச்சு. 2019ல வந்த இந்த ஆய்வைப் படிச்சப்புறம் மன உறுதி இல்லைன்னு யாரையும் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. வீட்டுல வாங்கி வைக்காம இருக்கறது தான் வழி. தட்டுல பாதி காய்கறி வைங்க, வயிறு நிறையும் கலோரி ஏறாது.

உடற்பயிற்சி எதுக்கு

எடை இறக்கறதுக்கு உடற்பயிற்சியை மட்டும் நம்பினா ஏன் ஏமாறுவோம்னு பாருங்க. அரை மணி நேரம் வேகமா நடந்தா 68 கிலோ ஆளுக்கு 100லேர்ந்து 150 கலோரி செலவாகும். ஒரு சின்ன கேன் குளிர்பானம் அதை அப்படியே திருப்பிக் குடுத்துடும். மெஷின் திரையிலயும் வாட்ச்லயும் வர்ற கலோரி எண்ணை நம்பி அந்த அளவு கூட சாப்பிடறது பெரிய தப்பு, அதுங்க பல தடவை கூட்டித்தான் காட்டும்.

ஆனா உடற்பயிற்சி இல்லாம குறைச்சீங்கன்னா போறதுல தசையும் நிறைய இருக்கும், அப்புறம் எடை திரும்ப ஏறும்போது பெரும்பாலும் கொழுப்பா தான் ஏறும். கனடாவுல மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துல 40 இளைஞர்களுக்கு நாலு வாரம் கலோரியை 40 சதவீதம் வெட்டி, எடை தூக்கறதும் சேத்து நல்லா கடுமையான பயிற்சியும் குடுத்தாங்க. கிலோவுக்கு 2.4 கிராம் புரோட்டீன் சாப்பிட்டவங்க 4.8 கிலோ கொழுப்பு இழந்து, கூடவே 1.2 கிலோ தசையும் ஏத்தினாங்க. அதே பயிற்சி பண்ணி பாதி புரோட்டீன் சாப்பிட்டவங்களுக்கு தசை ஏறல, ஆனா குறையவும் இல்ல, அவ்வளவு பட்டினியிலயும் தசை அப்படியே நின்னுச்சு. எடை தூக்கற பயிற்சியோட மதிப்பு அங்க தான் இருக்கு.

அதனால வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் ஸ்ட்ரென்த் ட்ரெயினிங் கட்டாயம், பெண்களுக்கும் வயசானவங்களுக்கும் சேத்து தான் சொல்றேன், உடம்பு ஆம்பள மாதிரி ஆயிடுமோன்னு பயப்பட வேண்டாம், அந்த அளவுக்கு தசை ஏத்தறது அவ்வளவு லேசு கிடையாது. ஸ்குவாட் (முட்டி மடக்கி உக்காந்து எழுந்திரிக்கறது), குனிஞ்சு எடையைத் தூக்கற மாதிரி ஒண்ணு, தள்ளற மாதிரி ஒண்ணு (புஷ்அப், முடியாதவங்க சுவத்துல கை வச்சு ஆரம்பிங்க), இழுக்கற மாதிரி ஒண்ணு, இந்த நாலு போதும். ஒவ்வொண்ணும் மூணு செட், செட்டுக்கு 8லேர்ந்து 12 தடவை, கடைசி ரெண்டு தடவை கஷ்டமா இருக்கணும். சுலபமாயிட்டா எடையைக் கொஞ்சம் ஏத்துங்க, ஏத்தாம வருஷம் முழுக்க அதே டம்பெல்லைத் தூக்கினா உடம்புக்கு மாற வேண்டிய காரணம் எதுவும் இல்ல.

மத்தபடி நடை. உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்ன அளவு வாரத்துக்கு 150லேர்ந்து 300 நிமிஷம் மிதமான பயிற்சி. பேச முடியும் ஆனா பாட முடியாதுங்கற வேகத்துல நடங்க. கலோரி குறைஞ்சா உடம்பு தன்னை அறியாமலே அசைவைக் குறைச்சுக்கும், படி ஏற சோம்பலாகும், உக்காந்தா எழுந்திரிக்கத் தோணாது. அதனால ஸ்டெப் எண்ணிக்கையை ஒரு கண்ணு பாத்துக்கங்க, ஜிம்ல ஒரு மணி நேரம் போட்டுட்டு மீதி நாள் பூரா படுத்துக் கிடந்தா கணக்கு நேராயிடும்.

தூக்கத்தை யாரும் கண்டுக்கறதே இல்ல. 2010ல வந்த ஒரு சின்ன ஆய்வுல ஒரே ஆளுங்களை, ஒரே கலோரியில, 14 நாள் எட்டரை மணி நேரம் படுக்க விட்டும் 14 நாள் அஞ்சரை மணி நேரம் மட்டும் படுக்க விட்டும் பாத்தாங்க. எடை ரெண்டுலயும் ஒரே அளவு தான் இறங்கிச்சு, ஆனா தூக்கம் குறைஞ்சப்போ போன கொழுப்பு 55 சதவீதம் கம்மி, அதுக்குப் பதிலா தசை மாதிரி கொழுப்பில்லாத பாகம் தான் போச்சு.

அளக்கறது

முதல் வாரம் ரெண்டு கிலோ இறங்கினா குதிக்காதீங்க, அது பெரும்பாலும் கிளைகோஜனும் (உடம்பு சேத்து வச்சிருக்கற மாவுச்சத்து) அதோட ஒட்டியிருக்கற தண்ணியும், ஒரு கிராம் கிளைகோஜன் மூணு கிராம் தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும். அதே மாதிரி நாலாவது வாரம் ஒரு கிலோ ஏறினாலும் அழ வேண்டாம், உப்பு, மாதவிடாய், புதுப் பயிற்சியால வர்ற தசை வீக்கம் எல்லாமே தண்ணியைப் பிடிக்கும். காலையில டாய்லெட் போயிட்டு, சாப்பிடறதுக்கு முன்னாடி எடை பாருங்க, வாரச் சராசரியைப் போன வாரச் சராசரியோட மட்டும் ஒப்பிடுங்க. கொழுப்பு சதவீதம் காட்டற வீட்டு மெஷின் உடம்புல இருக்கற தண்ணியைப் பொறுத்து மாறி மாறிக் காட்டும், அதை விட டேப் மேல். இடுப்புச் சுத்தளவு உங்க உயரத்துல பாதிக்குக் கீழ இருக்கணும், உள்ளுறுப்பைச் சுத்தி இருக்கற ஆபத்தான கொழுப்புக்கு இது நல்ல அடையாளம்.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுக்கறவங்க, கிட்னி பிரச்சனை உள்ளவங்க, கர்ப்பமா இருக்கறவங்க, பால் குடுக்கறவங்க, முன்னாடி சாப்பாட்டு விஷயத்துல மனநோய் வந்து மீண்டவங்க டாக்டர்கிட்ட பேசாம எதையும் ஆரம்பிக்காதீங்க. மாத்திரை அளவை மாத்தாம சாப்பாட்டைக் குறைச்சா சர்க்கரை ரொம்பக் கீழ போயிடும், உயிருக்கே ஆபத்து.

மூணு மாசம் போனதும் ஒரு வாரம் ரெண்டு வாரம் எடை இறங்காமலே நிக்கும், எடை குறைஞ்ச உடம்புக்கு செலவும் குறைவு தானே. ஃபார்முலாவை புது எடைக்குத் திரும்பப் போடுங்க, இல்லைன்னா ஒரு பத்து நாள் எடை நிக்கற அளவுக்கு சாப்பிட்டு ஓய்வு எடுத்துட்டுத் தொடருங்க. நினைச்ச எடைக்கு வந்ததும் பழைய அளவுக்குத் தாவாம வாரத்துக்கு 100 கலோரி மாதிரி ஏத்திக்கிட்டே வாங்க, எடை நிக்கற இடத்துல நிறுத்துங்க. 1994லேர்ந்து அமெரிக்காவுல ஒரு பதிவேடு நடக்குது, 13.6 கிலோவுக்கு மேல குறைச்சு ஒரு வருஷமாவது தக்க வச்சவங்க தான் அதுல சேர முடியும், அவங்கள்ல பெரும்பாலானவங்க தினமும் ஒரு மணி நேரம் கிட்ட உடம்பை அசைக்கறவங்க, எடையையும் அடிக்கடி பாக்கறவங்க. நீங்களும் வாரத்துக்கு ஒரு தடவையாவது மெஷின்ல ஏறுங்க, சராசரி ரெண்டு கிலோ ஏறிட்டா அன்னிக்கே கிச்சன் ஸ்கேலை வெளிய எடுத்து ரெண்டு வாரம் திரும்ப எழுத ஆரம்பிங்க.