காரை நேரடியாக விற்கிறீர்களா? பணத்தை இப்படி வாங்குங்கள்

போன மார்ச்சில் எங்கள் வேகன் ஆர் காரை விற்றேன். 2013 மாடல், பெட்ரோல், கே.ஏ. 03 பதிவு, ஒரே ஓனர். வண்டி என் பெயரில் இருந்தாலும் ஓட்டியதெல்லாம் என் கணவர்தான். அவருக்கு மூட்டுவலி வந்தபிறகு பெங்களூர் மர்ஃபி டவுன் வீட்டு வாசலில் தூசி படிந்து நின்றது. புரோக்கர் இரண்டு லட்சத்துக்குக் கேட்டார். நாமே விளம்பரம் போட்டு விற்கலாம் என்று முடிவு செய்து, கடைசியில் 2,85,000 ரூபாய்க்குக் கொடுத்தோம்.

நான் 31 வருடம் வங்கியில் வேலை பார்த்தவள். அதில் பாதிக்குமேல் சிவாஜி நகரில் கேஷ் கவுண்டரில். பணத்தைத் தொலைத்துவிட்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் விற்கும்போது ஒரு விதியை எனக்கு நானே வைத்துக்கொண்டேன். என் எதிரில் உட்கார்ந்திருப்பவரின் ஆதாரில் உள்ள பெயர், பணத்தை அனுப்பும் வங்கிக் கணக்கின் பெயர், ஆர்டிஓ-வில் பெயர் மாற்றக் கொடுக்கும் படிவம் 30-இல் வாங்குபவர் பெயர், வண்டியை ஒப்படைத்ததற்கான டெலிவரி நோட்டில் கையெழுத்துப் போடுபவர் பெயர், நாலும் ஒன்றாக இருக்க வேண்டும். எங்காவது வேறு பெயர் வந்தால் வியாபாரம் அங்கேயே நின்றுவிடும். இந்த விதி இல்லையென்றால் விளம்பரம் போட்ட மூன்றாம் நாளே நான் மாட்டியிருப்பேன்.

அன்று ஒருவர் போன் செய்தார். நல்ல தமிழ், மரியாதையான பேச்சு. விலையில் பேரமே இல்லை. “மேடம், நான் ஊரில் இல்லை. என் மச்சான் வந்து வண்டியைப் பார்ப்பார். வண்டி அவருக்குத்தான், ஆனால் பணம் நான் கொடுக்கிறேன். அவரிடம் மட்டும் விலையைப் பற்றிப் பேசாதீர்கள், எங்களுக்குள் ஒரு பழைய கணக்கு இருக்கிறது” என்றார். குடும்பத்தில் இப்படி நடக்கும்தானே என்று தோன்றியது. சாயங்காலம் ஹொரமாவிலிருந்து ஒருவர் வந்தார். பானட்டைத் திறந்து பார்த்தார், அல்சூர் ஏரி வரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார், பிடித்துப்போனது. உள்ளே உட்காரவைத்து காபி கொடுத்தேன். அவர் போனை எடுத்து யாருக்கோ பணம் அனுப்பப் போவதைப் பார்த்ததும் நேராகவே கேட்டுவிட்டேன்: “தம்பி, உங்களுக்கு என்ன விலை சொல்லியிருக்கிறார்?”

2,20,000 என்றார். முன்பணமாக 50,000 ரூபாய் அனுப்பத்தான் போனை எடுத்திருந்தார். மச்சானும் இல்லை, ஒன்றுமில்லை. நான் போட்ட படங்களையே எடுத்து, குறைந்த விலையில் வேறொரு விளம்பரம் போட்டிருக்கிறான் அந்த ஆள். வந்தவரிடம் “வீட்டில் இருப்பது என் அக்கா, அவரிடம் விலை பேசாதீர்கள்” என்று சொல்லியிருக்கிறான். இரண்டு பேரையும் பேசவிடாமல் நடுவில் நின்று பணத்தை வாங்கிக்கொள்வதுதான் திட்டம். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், பணம் போனபிறகு அந்தப் பிள்ளை வண்டியைக் கேட்டு என் வாசலில்தான் நின்றிருப்பார். ஏமாந்தவர் இரண்டு பேர், சண்டையும் எங்கள் இரண்டு பேருக்குள் என்று ஆகியிருக்கும்.

ஆகவே வண்டியைப் பார்க்க வருபவரிடம், யார் என்ன சொல்லி வைத்திருந்தாலும், விலையை வாய்விட்டுச் சொல்லுங்கள். “வண்டி என்னுடையது, விலை இவ்வளவு, பணம் என் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும்தான் வரவேண்டும்.” இந்த ஒரு வாக்கியத்துக்கே அந்த வகை மோசடி கலைந்துவிடும்.

இன்னொரு வகை எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, வண்டியைப் பார்க்காமலே வாங்கிக்கொள்கிறேன் என்பார்கள். கியூஆர் கோடு அனுப்பி, “ஸ்கேன் பண்ணி பின் போடுங்கள், பணம் வந்துவிடும்” என்பார்கள். யுபிஐ-யில் பின் எண் போடுவது பணத்தை அனுப்புவதற்கும் இருப்பைப் பார்ப்பதற்கும் மட்டும்தான். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். கேட்டால் போனை வைத்துவிடுங்கள். “தவறுதலாகக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்” என்று அழுகிற குரலில் வரும் அழைப்பும் அதே ரகம்தான்.

சரி, நல்ல ஆள் கிடைத்துவிட்டார், விலையும் முடிந்தது. பணத்தை எந்த வழியில் வாங்குவது?

ரொக்கம் என்றால் 2 லட்சம் என்ற கோட்டை மறக்காதீர்கள். 2017 ஏப்ரல் முதல், ஒரே பரிவர்த்தனைக்காக 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. இன்று ஒரு லட்சம், நாளை ஒரு லட்சம் என்று பிரித்து வாங்கினாலும் ஒரே வண்டிக்கான பணம்தான். மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம், அதுவும் கொடுத்தவருக்கு இல்லை, வாங்கியவருக்கு. அதற்குக் குறைவான தொகை என்றாலும் வீட்டில் வைத்து எண்ணாதீர்கள். வாங்குபவரையும் அழைத்துக்கொண்டு உங்கள் வங்கிக் கிளைக்குப் போய், கவுண்டரில் மெஷினில் எண்ணிக் கணக்கில் போட்டபிறகு பேசுங்கள். நோட்டுக் கட்டுக்குள் ஒரு கள்ள நோட்டு இருந்தாலும் வங்கி அதைப் பறிமுதல் செய்து ரசீதுதான் கொடுக்கும், மதிப்பைத் தராது. ஒரே நேரத்தில் ஐந்து நோட்டோ அதற்கு மேலோ சிக்கினால் போலீசில் எஃப்ஐஆர் வரைக்கும் போகும். கொடுத்தவர் பக்கத்தில் நிற்கும்போதே அது தெரிந்துவிடுவது நல்லது.

காசோலையை நான் ஏற்கவே இல்லை. திரும்பி வந்தால் 30 நாளுக்குள் நோட்டீஸ், பணம் கட்ட 15 நாள் அவகாசம், அதன்பிறகு ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் என்று சட்டம் இருக்கிறதுதான். ஆனால் அதற்குள் வண்டி எங்கே இருக்குமோ. டிமாண்ட் டிராஃப்டைப் பலர் பணத்துக்குச் சமம் என்று நம்புகிறார்கள். கவுண்டரில் போலி டிடி என் கைக்கே வந்திருக்கிறது. தாளும் முத்திரையும் அவ்வளவு கச்சிதமாக இருந்தது. டிடி-தான் தருவேன் என்றால், அவருடைய கிளைக்கு நீங்களும் கூடப் போய் உங்கள் கண் முன்னால் எடுக்கச் சொல்லுங்கள். 2018 செப்டம்பர் முதல் டிடி எடுப்பவரின் பெயரும் அதன்மேல் அச்சாகிறது. அந்தப் பெயர் உங்கள் எதிரில் இருப்பவருடையதா என்று பாருங்கள்.

எனக்குப் பிடித்தது வங்கியிலிருந்து வங்கிக்கு அனுப்புவது. ஆர்டிஜிஎஸ் 2 லட்சத்திலிருந்து தொடங்கும், 2020 டிசம்பர் முதல் எந்த நாளும் எந்த நேரமும் நடக்கும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஐஎம்பிஎஸ் 5 லட்சம் வரை உடனே வரும். நெஃப்ட் அரை மணிக்கு ஒரு தொகுப்பாகப் போவதால் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். யுபிஐ-யில் ஒருவருக்கு ஒருவர் அனுப்ப பொதுவாக ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தான், முன்பணத்துக்கு அது போதும். இதில் பலர் கவனிக்காத ஒரு சங்கடம் உண்டு. ஆன்லைனில் பணம் பெறுபவராகப் புதிதாகச் சேர்த்த பெயருக்கு முதல் நாளில் பெரிய தொகை அனுப்ப வங்கிகள் விடாது. எனவே உங்கள் கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி கோடையும் இரண்டு நாள் முன்பே கொடுத்து, சேர்த்துவிட்டு 100 ரூபாய் அனுப்பச் சொல்லுங்கள். அந்த 100 ரூபாய் வரும்போதே அனுப்பியவர் யார் என்ற பெயரும் உங்களுக்குத் தெரிந்துவிடும். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று நான் ஓய்வூதியம் வரும் கணக்கைக் கொடுக்கவில்லை. அதிகம் பணம் இல்லாத இன்னொரு சேமிப்புக் கணக்கைத்தான் கொடுத்தேன்.

அந்தப் பெயர் விஷயத்தை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், “என் நண்பர் கணக்கிலிருந்து அனுப்பட்டுமா, அண்ணன் கணக்கிலிருந்து அனுப்பட்டுமா” என்று கேட்பது சாதாரணம். பெரும்பாலும் உண்மையாகவே அண்ணனாக இருக்கும். ஆனால் யாரோ ஒருவரிடம் மோசடி செய்த பணம் அந்த வழியாக உங்கள் கணக்குக்கு வந்தால், பறிகொடுத்தவர் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணில் புகார் கொடுத்ததும் பணம் போன தடத்தைப் பிடித்துக்கொண்டு போலீஸ் கணக்குகளை முடக்கச் சொல்லும். நான் வேலையில் இருந்தபோது ஒரு வாடிக்கையாளர் தன் பைக்கை விற்றார். பணம் யாரோ தெரியாத பெயரிலிருந்து வந்தது, அவர் கண்டுகொள்ளவில்லை. இரண்டு வாரத்தில் வேறு மாநிலத்துப் போலீசிடமிருந்து கடிதம் வந்து அவர் கணக்கு முடங்கியது. பைக்கும் போய், சம்பளத்தையும் எடுக்க முடியாமல் மாதக்கணக்கில் அலைந்தார். அவர் செய்த தப்பு எதுவுமே இல்லை. அந்த முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

எங்கள் வண்டியை வாங்கியவர் ராமமூர்த்தி நகரில் எலக்ட்ரிஷியன், சொந்த ஊர் கோலார் தங்கவயல். முன்பணம் 10,000 ரூபாய் அனுப்பினார். எந்தத் தேதி வரை வண்டியை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன், அவர் பின்வாங்கினால் எவ்வளவு திருப்பித் தருவேன் என்று இரண்டு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். மீதிக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு என் வங்கிக் கிளைக்கு வரச் சொன்னேன். வேலை நாளில், கிளை திறந்திருக்கும் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு வந்து அவசரப்படுத்துபவரிடம் “திங்கட்கிழமை வாங்க” என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

அவர் தன் போனிலிருந்து அனுப்பினார். “போயிடுச்சும்மா, பாருங்க” என்று பச்சை டிக் போட்ட திரையைக் காட்டினார். அவர் நல்ல பிள்ளைதான், ஆனாலும் நான் அந்தத் திரையைப் பார்க்கவில்லை. அதே மாதிரி திரையைக் காட்டும் போலி ஆப்கள் இருக்கின்றன, ஸ்கிரீன்ஷாட்டைத் திருத்தலாம், வங்கியிலிருந்து வந்ததுபோல எஸ்எம்எஸ்ஸையும் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். என் போனில், என் வங்கி ஆப்பில் நானே நுழைந்து பார்த்தேன். ஸ்டேட்மெண்டில் அந்த வரி இருக்கிறதா, அனுப்பியவர் பெயர் ஆதாரில் இருப்பதுதானா, யுடிஆர் எண் (ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் வங்கி தரும் அடையாள எண்) அவர் சொல்வதோடு பொருந்துகிறதா, எடுக்கக்கூடிய இருப்பில் தொகை கூடியிருக்கிறதா. ஆப் பழக்கமில்லாதவர்கள் கிளையில் பாஸ்புக்கை அச்சடித்துப் பார்த்தால் போதும். அன்று 20 நிமிடம் ஆனது. அந்த 20 நிமிடமும் சாவியும் ஆர்சியும் என் கைப்பையில்தான் இருந்தன.

அவருக்கும் பயம் இருக்கும் இல்லையா? பணத்தை அனுப்பிவிட்டு வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கிறாரே. அதனால் விற்றதை ஆர்டிஓ-வுக்குத் தெரிவிக்கும் படிவம் 29-ஐயும், 30-ஐயும் அவர் பெயர், முகவரி, சேசிஸ் எண் எல்லாம் நிரப்பி மேசைமேல் அவர் பார்க்கும்படி வைத்திருந்தேன், கையெழுத்து மட்டும் பாக்கி. பணம் வந்ததைப் பார்த்ததும் அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். புரோக்கர்கள் அதை வாங்கி வைத்துக்கொண்டு வண்டியைக் கைமாற்றிக்கொண்டே போவார்கள், பதிவில் உங்கள் பெயர் அப்படியே இருக்கும். பதிவில் பெயர் இருப்பவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது. டெலிவரி நோட்டில் தேதியோடு நேரத்தையும் எழுதுங்கள். மதியம் 12.10-க்கு ஒப்படைத்தேன் என்று எழுதியிருந்தால், அதற்குப் பிறகு வரும் போக்குவரத்து அபராதச் சலான் யாருடையது என்ற கேள்வியே வராது. தொகை, யுடிஆர் எண் இரண்டும் அதில் இருக்கட்டும்.

வண்டிமேல் கடன் பாக்கி இருந்தால், கடன் கொடுத்த வங்கியிடம் முடிவுத் தொகைக்கான கடிதம் வாங்கி, அந்தத் தொகையை வாங்குபவர் நேராகக் கடன் கணக்குக்கே கட்டட்டும், மிச்சம் மட்டும் உங்களுக்கு. தடையில்லாச் சான்றும், கடன் தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35-உம் கைக்கு வந்தபிறகுதான் பெயர் மாற்றம் நடக்கும், அதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஃபாஸ்டேக் கணக்கை மூடினேன். இல்லையென்றால் அவர் ஓசூர் சாலையில் போகும்போதெல்லாம் டோல் என் பணத்தில் போகும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதி, எங்கள் நோ கிளெய்ம் போனஸுக்கு (இழப்பீடு கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) சான்று வாங்கிக்கொண்டேன். அது வண்டியோடு போகாது, நம்மோடு இருக்கும். விற்றதை 14 நாளுக்குள் ஆர்டிஓ-வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதால் படிவம் 29-இன் ஒரு பிரதியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்புறம் வாரம் ஒருமுறை, வண்டிப் பதிவு விவரம் காட்டும் அரசின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது வாரம் என் பெயரின் முதல் எழுத்துகள் போய் அவருடையவை வந்திருந்தன. அதுவரை டெலிவரி நோட்டு, அவருடைய ஆதார் நகல், ஸ்டேட்மெண்ட் மூன்றையும் பீரோவில் ஒரே கவரில் வைத்திருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறது.