இன்டெக்ஸ் சேர்த்தால் தேடல் விரைவது ஏன், பதிவு தாமதமாவது ஏன்: எஸ்க்யூலைட்டில் ஒரு செய்முறை

செட்டிநாட்டுப் பழைய கணக்குப் புத்தகங்களைப் பார்த்தவர்களுக்கு இன்டெக்ஸ் புதிதன்று. வரவு செலவு நாள்வாரியாகக் குறிப்பேட்டில் ஏறும்; பிறகு அவரவர் பெயரில் பேரேட்டிலும் ஏறும். ஒருவரின் பாக்கியை அறியக் குறிப்பேடு முழுவதையும் புரட்ட வேண்டியதில்லை. அதற்காகக் கணக்கர் ஒரே வரவை இரண்டு இடங்களில் எழுதியாக வேண்டும். தரவுத்தளத்தில் அந்தப் பேரேட்டின் வேலையைச் செய்வதுதான் இன்டெக்ஸ்.

எஸ்க்யூலைட் என்னும் சிறிய தரவுத்தள மென்பொருளில், ஆத்தங்குடிக் கல் விற்கும் ஒரு பட்டறைக்கென, எண், தேதி, ஊர், நிலை ஆகிய நெடுவரிசைகளுடன் 'விற்பனை' என்னும் அட்டவணையை உருவாக்கி, 2 லட்சம் மாதிரி வரிசைகளை நிரப்புங்கள். நூறு வரிசைகளில் வேறுபாடு தெரியாது.

அடுத்து, ஊர் = 'தேவகோட்டை' என்று தேடும் செலக்ட் கட்டளையின் முன்னால் 'எக்ஸ்பிளெய்ன் குவெரி பிளான்' சேர்த்து இயக்குங்கள். விடையில் 'ஸ்கேன்' என்று வரும். எல்லா வரிசைகளும் படிக்கப்படுகின்றன என்பது பொருள். இப்போது 'கிரியேட் இன்டெக்ஸ் விற்பனை_ஊர் ஆன் விற்பனை(ஊர்)' என்று கொடுத்துவிட்டு மீண்டும் பாருங்கள். 'ஸ்கேன்' போய் 'சர்ச்' வந்திருக்கும். இன்டெக்ஸ் ஒரு பி-ட்ரீ, அதாவது குறிப்புகளை வரிசைப்படுத்திப் பக்கம் பக்கமாக, மரம்போல் அடுக்கி வைக்கும் அமைப்பு. ஒரு பக்கத்தில் 200 குறிப்புகள் அடங்கும் எனக் கொண்டால், மூன்று அடுக்குகளிலேயே 80 லட்சம் குறிப்புகள் அடங்கிவிடும். ஆனால் 'கோட்டை' என்று முடியும் ஊர்களை, பெயரின் ஒரு பகுதியைப் பொருத்திப் பார்க்கும் லைக் கொண்டு தேடினால் இந்த வரிசைமுறை உதவாது. முதலெழுத்துப்படி அடுக்கிய பெயர்களில் கடைசி எழுத்தைக் கொண்டு தேட முடியாதல்லவா?

இனிப் பதிவின் செலவை அளக்கலாம். ஒவ்வொரு கட்டளைக்கும் ஆகும் நேரத்தைக் காட்டும் '.டைமர் ஆன்' கொடுத்து, 50,000 இன்சர்ட்களை (புது வரிசை சேர்க்கும் கட்டளைகளை) ஒரே தொகுதியாக, அதாவது ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் இயக்குங்கள். தனித்தனியாக இயக்கினால் ஒவ்வொரு கமிட்டுக்கும் (மாற்றத்தை உறுதிசெய்து சேமிப்பதற்கும்) டிஸ்க்கில் எழுதும் நேரமே மிகுந்து, இன்டெக்ஸின் செலவை மறைத்துவிடும். ஐந்து இன்டெக்ஸ் இருந்தால் ஒரு வரிசைக்கு ஆறு இடங்களில் எழுத வேண்டியிருக்கும். நான் தொடக்கத்தில் எல்லா நெடுவரிசைக்கும் இன்டெக்ஸ் போட்டுவிட்டு, மாதக் கணக்கை ஏற்றும்போது நெடுநேரம் காத்திருந்திருக்கிறேன்.

இருக்கும் வரிசையை மாற்றும் அப்டேட்டில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நிலையை மாற்றினால் ஊருக்கான இன்டெக்ஸை எஸ்க்யூலைட் தொடாது. ஊரை மாற்றினால் பழைய குறிப்பை நீக்கிப் புதியதை எழுதும். எனினும், மாற்ற வேண்டிய வரிசையை முதலில் கண்டுபிடிக்க வேண்டுமே. எந்த வரிசை என்று சொல்லும் 'வேர்' (WHERE) நிபந்தனைக்கு ஏற்ற இன்டெக்ஸ் இருந்தால் அப்டேட்டும் விரையும்.

நிலை நெடுவரிசையில் 'அனுப்பியது', 'அனுப்பாதது' என இரண்டே மதிப்புகள் ஏறக்குறையச் சம அளவில் இருந்தால், எதைத் தேடினாலும் பாதி வரிசைகள் வந்துவிடும் என்பதால் அதற்கென இன்டெக்ஸ் வேண்டாம். ஏற்கெனவே போட்டிருந்தால் 'டிராப் இன்டெக்ஸ்' கொடுத்து நீக்கிவிட்டு, அதே 50,000 இன்சர்ட்களை மீண்டும் அளந்து பாருங்கள்.